அம்மாமார் இருக்கும்போதே இரத்த மாதிரி எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் முப்பது நாற்பது வருடப் பழைய கொலைகளை மரபணுவையும் வம்சாவளியையும் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை, குறை சொல்ல இல்லை. ஆனால் அதை வாசித்துவிட்டு, யுத்தத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆட்கள் கதைக்கிற கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "பாத்தியளே, நாப்பது வருசம் போனாலும் டிஎன்ஏ விடாது, எங்கட பிள்ளையளின்ர விசயமும் ஒருநாள் வெளியில வரத்தான் போகுது" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஆறுதல்தான் ஆபத்து. அங்கே நாற்பது வருடம் காத்திருக்க முடிந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை ஒன்றும் வன்னியில் இல்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கிளினிக் நாட்களில் விடிய ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அறுபது எழுபது தாண்டிய அம்மாமார். சீனி, பிரஷர், கொலஸ்ரோல், ஏதோ ஒன்று. கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள், பலருடைய கொப்பியின் மட்டைக்குள்ளே ஒரு படம் இருக்கும், ஓ.எல். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது, முகம் கொஞ்சம் கலங்கி இருக்கும். சிலருக்குக் கையில் நரம்பு பிடிப்பதே கஷ்டம், ஷெல் காயத் தழும்புக்குப் பக்கத்தில்தான் தேட வேண்டும். சீனிக்கு ஒரு குழாய், இரத்த எண்ணிக்கைக்கு ஊதா மூடி போட்ட இன்னொரு குழாய். பின்னேரம் அறிக்கை எழுதி முடிய, மிச்ச இரத்தம் எல்லாம் மஞ்சள் பையில் போய் எரிக்கப்படும். முறையும் அதுதான், சீனி பார்க்கக் கொடுத்த இரத்தத்தை ஒருவரும் கேட்காமல் வேறொன்றுக்கு எடுக்கக் கூடாது. ஆனால் மாதா மாதம் ஊசி குத்திக்கொண்டு போகிற இந்த அம்மாமாரிடம், உன் பிள்ளையைத் தேடுவதற்காக ஒரு துளி தா, பத்திரமாக வைக்கிறோம் என்று யாரும் வந்து கேட்டு எடுத்ததை நான் வேலை செய்கிற இடத்தில் இன்னும் காணவில்லை. வரிசையில் ஒவ்வொரு வருடமும் சில முகங்கள் குறைகின்றன.

கலிபோர்னியாவில் நடந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் நான் சொல்லவருவது விளங்கும். 1975 இலிருந்து 1986 வரை 13 கொலைகள், ஐம்பது அளவில் பாலியல் வன்முறைகள் செய்தவன் ஒருவன். அவனுடைய விந்துத் தடயம் பொலிசாரிடம் பல வருடமாகக் குளிரூட்டியில் இருந்தது. குற்றவாளிகளின் மரபணுப் பட்டியலில் போட்டுப் பார்த்தார்கள், பொருந்த ஆளில்லை, ஏனென்றால் அவன் ஒருநாளும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. பிறகு அந்த மாதிரியின் மரபணு விபரத்தை ஜெட்மேட்ச் என்கிற இணையத்தளத்தில் ஏற்றினார்கள். அது பொலிசுக்காகத் தொடங்கிய தளம் இல்லை, சொந்தக்காரரைத் தேடுகிற சாதாரண சனம் தங்கள் மரபணு முடிவுகளைத் தாங்களே ஏற்றி வைக்கிற இடம். அங்கே தூரத்துச் சொந்தம் சில பேர் பொருந்தினார்கள். அவர்களுக்குப் பொதுவான, 1800களில் வாழ்ந்த ஒரு மூதாதைத் தம்பதியைக் கண்டுபிடித்து, அங்கேயிருந்து கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று சனத்தொகைப் பதிவு, பத்திரிகை மரண அறிவித்தல் எல்லாவற்றையும் வைத்து வம்ச மரம் கட்டினார்கள். அதில் வயதும் ஊரும் பொருந்துகிற ஆண்களைப் பொறுக்கிக்கொண்டு வர ஜோசப் டீஆஞ்சலோ என்கிற 72 வயதுக் கிழவனில் வந்து நின்றது. பழைய பொலிஸ்காரன் (இதை வாசித்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை). அவனுடைய கார்க் கதவின் கைபிடியிலும், குப்பையில் போட்ட ரிசுக் கடதாசியிலும் மாதிரி எடுத்து நேரடியாக ஒப்பிட்ட பிறகுதான் 2018 இல் பிடித்தார்கள். 2020 இல் குற்றத்தை ஒத்துக்கொண்டான், ஆயுள் தண்டனை.

இதில் கவனிக்க வேண்டியது, தூரத்துச் சொந்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பது. நீதிமன்றத்துக்காக ஆய்வுகூடங்கள் வழமையாகச் செய்கிற பரிசோதனையில் மரபணுவில் இருபது இடம் அளவில்தான் பார்ப்பார்கள், அது தாய் தகப்பன் பிள்ளை என்று சொல்லப் போதும், அதைத் தாண்டினால் தடுமாறும். வம்சாவளிப் பரிசோதனையில் ஆறு ஏழு இலட்சம் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். பிள்ளைக்கும் தாய்க்கும் பாதி ஒத்துப்போகும், ஒன்றுவிட்ட சகோதரத்துக்கு எட்டில் ஒரு பங்கு, ஒரே ஓட்டனின் வழிவந்த மூன்றாம் தலைமுறைச் சகோதரம் என்றால் சராசரியாக நூற்றில் ஒரு பங்கும் வராது. அந்தச் சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறார்கள். 2018 இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கணக்கின்படி, ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேருக்கு அப்படியான ஒரு சொந்தமோ அதைவிடக் கிட்டியதோ ஏற்கனவே ஒரு பெரிய தரவுத்தளத்தில் இருக்கிறது. ஏனென்றால் கோடிக்கணக்கில் அந்தச் சனம் காசு கட்டி, பரிசோதனைக் கம்பனிகளுக்குக் குழாயில் துப்பி அனுப்பியிருக்கிறது.

சரி, வன்னிக்கு வருவோம். எங்களில் யார் துப்பி அனுப்பினார்கள்? கனடாவிலும் லண்டனிலும் பிறந்த மருமக்கள் கொஞ்சப் பேர், கிறிஸ்மஸ் கழிவு விலையில் வாங்கி, "தென்னிந்தியா, இலங்கை" என்று வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டவர்கள். அவ்வளவுதான். அதுவும் இப்போது பயந்து போயிருக்கிறார்கள், 2023 இல் இந்தப் பரிசோதனை செய்கிற 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 69 இலட்சம் பேரின் விபரம் களவு போனது, 2025 இல் அந்த நிறுவனமே வங்குரோத்துக்குப் போனது.

அடுத்தது எங்கள் கலியாண முறை. மச்சானும் மச்சாளும் கட்டி, அவர்களின் பிள்ளைகள் திரும்பவும் சொந்தத்துக்குள்ளேயே கட்டி வந்த குடும்பங்கள் எத்தனை. அப்படியான குடும்பத்தில் மூன்று நான்கு வழியால் சொந்தமாக இருப்பவர்களுக்குள் மரபணு கணக்குக்கு மிஞ்சி ஒத்துப்போகும், தூரத்துச் சொந்தம் கிட்டிய சொந்தம் மாதிரித் தெரியும், மரம் கட்டுகிறவருக்குத் தலை சுற்றும். அதோடு எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகப் போகிறது, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடுகிறது, ஊரில் எல்லாரும் கூப்பிடுவது வீட்டுப் பெயர், இயக்கத்தில் இருந்தவருக்கு இன்னொரு பெயர். பதிவுகள்? இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு, பிறப்புச் சான்றிதழ் எந்தப் பங்கருக்குள் கிடக்கிறதோ. வன்னியே பல திசையிலிருந்து வந்து குடியேறிய மண். பரம்பரையாக இங்கே இருந்தவர்கள், குடியேற்றத் திட்டங்களுக்குத் தீவுப் பக்கத்திலிருந்தும் குடாநாட்டிலிருந்தும் வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள். மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பூட்டனைத் தேடித் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போவீர்கள்?

ஆகவே "பிறகு சொந்தக்காரரை வைத்துப் பார்க்கலாம்" என்பது எங்களுக்குச் சரிவராது. எங்களிடம் இருக்கிற பலம் வேறு. தாயும் தகப்பனும் பல பேருக்கு இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தாய், தகப்பன் இரண்டு பேரின் மாதிரியும் இருந்தால் அந்த வழமையான இருபது இடப் பரிசோதனையே போதும், அமெரிக்கத் தொழில்நுட்பம் தேவையில்லை. ஒருவர் மட்டும் இருந்தால் கொஞ்சம் கஷ்டம், சகோதரங்களையும் சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் போய் ஒரு தங்கச்சி மட்டும் மிஞ்சினால் பல வேளை "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றுதான் முடிவு வரும். தாய்வழியால் மட்டும் வருகிற மைட்டோகொண்ட்ரியா மரபணு பழைய எலும்பில் கூடக் காலம் நிற்கும், அது உண்மை, ஆனால் ஒரு கிழவியின் பெண்வழிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒன்றுதான், ஒரே ஊரில் சொந்தத்துக்குள் கட்டியவர்களில் அதை மட்டும் வைத்து இவர்தான் என்று கைகாட்ட முடியாது. ஒரு தாய் செத்துப்போனால் அவளோடு ஒரு சாட்சியும் போகிறது என்று மேடையில் சொல்கிறோமே, ஆய்வுகூடக் கணக்கிலும் அது அப்படியே உண்மை.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கிய அம்மாமாரில் எத்தனை பேர் இன்று இல்லை என்று அந்தப் பந்தலில் போய்க் கேளுங்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கேளுங்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. முன்னாள் யூகோஸ்லாவியா யுத்தங்களில் 40,000 பேர் அளவில் காணாமற்போனார்கள். அங்கே காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, எலும்பு கிடைக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல், முதலில் சொந்தங்களின் இரத்தத்தை எடுத்தது. ஊரில் இருந்தவர்களிடம் மட்டுமில்லை, வெளிநாடுகளுக்குப் போனவர்களையும் தேடித்தேடி எடுத்தது. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவில் 1995 இல் கொல்லப்பட்டவர்களைப் புதைத்த குழிகளைப் பிறகு புல்டோசரால் கிளறி வேறு வேறு குழிகளுக்கு மாற்றியிருந்தார்கள், ஒரே ஆளின் எலும்புகள் பல இடத்தில் கிடந்தன. அப்படியிருந்தும் 8,000 அளவிலானவர்களில் ஏழாயிரத்துக்குக் கிட்டப் பெயர் சொல்லிவிட்டார்கள். ஆர்ஜென்டினாவில் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிப் போராடிய அம்மம்மாமார், தங்கள் பேரப்பிள்ளைகளை இராணுவம் கொண்டுபோய் வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டது, பெற்றோரையும் கொன்றுவிட்டது, பேரனைத் தாத்தா பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்து நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். மேரி கிளேர் கிங் என்கிற அமெரிக்க மரபியலாளர் 1980களில் அதற்கு வழி செய்து கொடுத்தார், 1987 இல் சட்டம் போட்டு தேசிய மரபணு வங்கி தொடங்கினார்கள். இன்றைக்கு 130 பேருக்கு மேல் தாங்கள் யார் என்று அறிந்திருக்கிறார்கள். தேடிய பாட்டிமாரில் பலர் போய்விட்டார்கள், வங்கியில் வைத்த மாதிரி இருக்கிறது, அதனால் தேடல் நிற்கவில்லை.

இங்கே அம்மாமாரிடம் இதைக் கதைத்தால் முதலில் வருகிற பதில், "ரத்தம் குடுத்தா அவன் செத்துப்போனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ பிள்ளை". இந்தப் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கோ, நட்டஈடு எடுங்கோ என்று வருடக்கணக்காக அலைக்கழித்தவர்கள் உண்டாக்கிய பயம் அது. ஆனால் ஆர்ஜென்டினாக் கிழவிகள் இரத்தம் கொடுத்தது உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தேடுவதற்கு. அவ்வளவு தூரம் போவானேன், சுனாமி நேரம் கல்முனையில் "பேபி 81" என்று பெயர் வைத்த அந்தக் குழந்தையை 2005 பெப்ரவரியில் தாய் தகப்பன் கையில் சேர்த்தது மரபணுப் பரிசோதனைதானே. 2009 இல் வட்டுவாகல் பக்கம் கையில் பிடித்த பிள்ளையைச் சனநெரிசலில் விட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எங்காவது வளர்ந்து ஒருநாள் தன்னைத் தேடத் தொடங்கினால் பொருத்திப் பார்க்க இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது. யாரிடம் கொடுப்பது? குற்றம் சாட்டப்பட்ட தரப்பின் கையிலேயே எங்கள் குடும்பங்களின் மரபணுவைக் கொடுத்துவிட்டு நித்திரை கொள்ள முடியுமா? கண்டிப்பாக முடியாது. அமெரிக்காவிலேயே இந்தப் பிரச்சினை வந்தது, ஜெட்மேட்ச் 2019 இல் விதியை மாற்றி, பொலிஸ் பார்க்கலாம் என்று தானே விரும்பிச் சொன்னவரின் விபரத்தை மட்டும் பார்க்கவிடுவது என்று வைத்தது. எங்களுக்கு அதைவிட இறுக்கமான விதி வேண்டும். காணாமலாக்கப்பட்டோரைத் தேடுவதைத் தவிர வேறொன்றுக்கும் பாவிக்கக் கூடாது, கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் அழிக்க வேண்டும், மாதிரி இரண்டாக எடுத்து ஒன்று நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான சர்வதேச அமைப்பிடம் இருக்க வேண்டும். இவற்றை எழுத்தில் தராமல் யாராவது பஞ்சுக் குச்சியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆனால் "யாரிடமும் கொடுக்க மாட்டோம்" என்றே இருந்துவிட்டால் அதனால் நன்மை யாருக்கு என்றும் யோசிக்க வேண்டும். பத்து வருடம் போனால் கொடுப்பதற்கு ஆள் இருக்காது, அதற்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இதற்கென்று மருந்து பூசிய காகித அட்டை இருக்கிறது, விரல் நுனியில் குத்தி இரண்டு மூன்று பொட்டு, காயவிட்டு உறையில் போட்டால் சாதாரண அறை வெப்பத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும். கரண்ட் போனாலும் கெடாது. ஒரு கிளினிக் நாளில் நூறு பேருக்கு எடுக்கலாம். கஷ்டம் எல்லாம் எலும்புப் பக்கம்தான். எங்கள் வெக்கையும் மாரி ஈரமும் மரபணுவைத் தின்றுவிடும், பல்லிலும், தொடை எலும்பிலும், காதுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் இருக்கிற அந்தக் கெட்டி எலும்பிலும்தான் நம்பிக்கை, அதையும் தோண்டி எடுத்தபின் பையில் கட்டி ஒரு அறையில் போட்டுவிட்டு வழக்குத் தவணைக்கு மேல் தவணை போட்டால் அதுவும் போய்விடும்.

மன்னார் சதொச கடை வளவில் இருந்த புதைகுழியில் 2018 இலிருந்து தோண்டி முந்நூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். அமெரிக்காவுக்குக் காபன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், 15 ஆம் 17 ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டது என்று 2019 இல் பதில் வந்தது, அதோடு சத்தம் அடங்கியது. காபன் காலத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. கொக்குத்தொடுவாயில் 2023 இல் தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிண்டும்போது வெளியில் வந்த குழியில் 52 பேர். 2025 இல் செம்மணியில் இருநூறு தாண்டியது, பிள்ளைகளின் எலும்புகளும் ஒரு நீலப் புத்தகப் பையும். ஓகஸ்ட் மாதம் அந்தச் சாமான்களை மக்களுக்குக் காட்டினார்கள், உடுப்பைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொல்லி. முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த துணியைப் பார்த்து ஒரு தாய் என்ன சொல்வாள்? எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரே கடையில் ஒரே நிறத்தில் வாங்கிய சட்டை அது.

இன்னுமொன்றையும் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கட்டுரையை வாசித்தவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்த முறை எங்களுக்குச் செய்தவனைப் பிடித்துத் தராது. கலிபோர்னியாக்காரன் தன் மரபணுவைத் தானே விட்டுவிட்டுப் போனான். சுட்டுக் குழியில் தள்ளியவன் குழிக்குள் எதையும் விடவில்லை. ஆனால் குழிக்குள் இருப்பவருக்குப் பெயர் வந்தால், அவர் எந்தத் திகதியில், எந்தச் சோதனைச் சாவடியில், எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தார் என்று தாய் பல ஆணைக்குழுக்களில் கொடுத்த வாக்குமூலங்கள் அத்தனையும் ஒரே நாளில் வழக்காகும். செம்மணியில் 1999 இல் எடுத்த 15 பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த நேரம் பெயர் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் இலக்கமாகத்தான் நின்றார்கள். இலக்கத்துக்கு யார் வழக்குப் பேசுவது?

வீட்டில் இருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளையின் பால்பல்லைக் கூரையில் எறியாமல் வைத்திருந்தால், பழைய தாயத்துக்குள் தொப்புள்கொடி இருந்தால், கடதாசி உறையில் போட்டு வையுங்கள், பொலித்தீன் வேண்டாம், அதற்குள் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கிழவன் கிழவி நினைவோடு இருக்கும்போது உட்கார்த்தி யார் யாருடைய பிள்ளை, யார் எந்த ஊரில் கட்டினது, எது உடன்பிறப்பு, எது வளர்த்த பிள்ளை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வளர்த்த பிள்ளையை மறைக்க வேண்டாம், பிறகு பரிசோதனையில் எல்லாம் குழம்பும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. அமெரிக்காவில் மரம் கட்டுகிறவர்கள் பத்திரிகை மரண அறிவித்தலைத் தேடித் தேடி வாசிக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். எங்கள் மரண அறிவித்தலைப்போல விபரமானது உலகத்தில் வேறு எங்காவது இருக்குமோ தெரியாது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், காலஞ்சென்றவர்களான இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு தாய், கனடா, லண்டன், சுவிஸ் என்று அடைப்புக்குறிக்குள், மருமக்கள், மைத்துனிமார், பேரப்பிள்ளைகள் வரைக்கும். காணாமலாக்கப்பட்ட மகனின் பெயரையும் உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் வரிசையிலேயே போடுகிறார்கள், கவனித்திருப்பீர்கள். குடும்பப் பெயரும் பதிவும் இல்லாத எங்களுக்கு இருக்கிற ஒரே வம்சாவளிப் புத்தகம் உங்கள் பத்திரிகையின் அந்தப் பக்கம்தான். பழைய இதழ்கள் உங்களிடம் இருந்தால், அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து மட்டும் வைக்காமல், பெயர் போட்டால் தேடி எடுக்கக்கூடிய மாதிரி எழுத்தாகத் தட்டி ஏற்ற முடியுமா என்று பாருங்கள். தட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் ஏ.எல். எழுதிவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சும்மா செய்விக்க வேண்டாம், சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வைத்தியசாலை ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.
(பெயரையும் முகவரியையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், பிரசுரிக்க வேண்டாம்.)